புதிய ஹாக்கி அணி யாரோடு ஆடலாம், எங்கே ஆடலாம்?

2018-19 சீசனில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணி 21 ஆட்டங்களில் வென்றது, 13-இல் தோற்றது, ஒன்று டிரா. அந்தக் கடைசித் தோல்வியே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் போட்டியில் க்வினிபியாக்கிடம் 2-1 என்று வாங்கியதுதான். அதாவது, அணி நாட்டின் 16 சிறந்த அணிகளுக்குள் வந்துவிட்டது. 2023-24-இல் அதே அணிக்கு 24 வெற்றி, 8 தோல்வி, 6 டிரா. பார்த்தால் இதுதான் நல்ல சீசன். ஆனால் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை.

இரண்டு சீசனிலும் அரிசோனா ஸ்டேட் எந்த லீக்கிலும் சேராத தனி அணி. கோச்சும் அதே கிரெக் பவர்ஸ்தான். அப்படியானால் வித்தியாசம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று தேடினால், யாரோடு ஆடினார்கள் என்பதில் போய் நிற்கிறது. கல்லூரி ஹாக்கியில் புதிதாக அணி தொடங்குகிறவர்கள் வீரர்களைத் தேடுகிற அளவுக்கு எதிரணிகளையும் தேட வேண்டியிருக்கிறது. பெரிய பழைய அணிகளின் அரங்குக்குப் போய் ஆடலாம். நடுத்தர அணிகளோடு 'நாங்கள் வருகிறோம், நீங்களும் வர வேண்டும்' என்று பேசலாம். தங்களைப் போன்ற புதியவர்களோடு ஆடிக்கொள்ளலாம். இல்லை, எப்படியாவது ஒரு லீக்குக்குள் நுழைந்துவிடலாம். இந்த வழிகளில் எது யாருக்கு ஒத்துவரும் என்று பார்ப்போம்.

முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம் டிவிஷன் 1. அதன் ஆண்கள் ஹாக்கியில் அறுபதுக்குச் சற்று அதிகமான அணிகள். சில விதிவிலக்குகள் தவிர, ஒரு சீசனுக்கு 34 ஆட்டம் என்பது உச்சவரம்பு. ஆறு லீக்குகள் இருக்கின்றன. ஆறின் சாம்பியன்களும் நேராகத் தேசியப் போட்டிக்குப் போய்விடுவார்கள். மிச்சம் பத்து இடங்களைக் கணினிக் கணக்கு நிரப்பும். லீக் ஆட்டங்களே 22 முதல் 26 வரை எடுத்துக்கொள்ளும். பிக் டென் லீக்கில் 24. ஆக, மிச்சிகனுக்கோ விஸ்கான்சினுக்கோ லீக்குக்கு வெளியே கையில் இருப்பது பத்து ஆட்டம். வெள்ளி ஒன்று, சனி ஒன்று என்று ஒரே ஊரில் இரண்டிரண்டாக ஆடுவது இந்த விளையாட்டின் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஐந்து வார இறுதி. அதில் ஒன்று கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கும் ஏதாவது ஒரு கோப்பைத் தொடருக்குப் போகலாம், இன்னொன்று பரம்பரை எதிரிக்கு. மிச்சமுள்ள இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் புதிய அணிகள் அத்தனையும் போன் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஹார்வர்டு, கார்னெல் போன்ற ஐவி கல்லூரிகளிடம் இடம் இன்னும் குறைவு. அவர்களுக்கு 29 ஆட்டம்தான் வரம்பு, அக்டோபர் கடைசியில்தான் தொடக்கம். அவர்கள் ஆடும் இசிஏசி லீக் 22 ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் ஏழு.

பெரிய அணி ஏன் தயங்குகிறது

ஆணவம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் தயக்கத்துக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் பேரம் பேசப் போகக் கூடாது.

2024-25 வரை தேசியப் போட்டிக்கான தேர்வு பேர்வைஸ் என்ற முறையில் நடந்தது. அதன் முதுகெலும்பு ஆர்பிஐ என்ற மதிப்பெண். அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத எடைதான். எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 21 சதவீதம், அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 54 சதவீதம். முக்கால் பங்கு மதிப்பெண்ணை அட்டவணை போட்டவரே கோடையில் முடிவு செய்துவிடுகிறார் என்று அர்த்தம்.

அதற்கு மேல் இன்னொன்று. சொந்த அரங்கில் வென்றால் அது 0.8 வெற்றியாகத்தான் எண்ணப்படும்; தோற்றால் 1.2 தோல்வி. வெளியூரில் வென்றால் 1.2 வெற்றி, தோற்றால் 0.8 தோல்வி. ஒரு வார இறுதியில் வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வென்றார், சனிக்கிழமை வந்தவர் வென்றார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஆளுக்கு ஒன்று, சமம். கணக்கில் வீட்டுக்காரருக்கு .400, வந்தவருக்கு .600. இதோடு, பலவீனமான அணியை வென்றதால் ஒருவருடைய மதிப்பெண் இறங்குமானால் அந்த ஆட்டத்தை விட்டுவிடும் ஏற்பாடும் ஆர்பிஐயில் இருந்தது. ஆக, மினசோட்டா போன்ற ஓர் அணி கத்துக்குட்டியைச் சொந்த அரங்குக்கு அழைத்து இரண்டிலும் வென்றால் வரவு ஏறக்குறைய பூஜ்யம். ஒன்றில் சறுக்கினால் பிப்ரவரி வரை அந்தக் காயம் ஆறாது.

2025-26 முதல் பேர்வைஸுக்குப் பதிலாக என்பிஐ என்ற முறை வந்திருக்கிறது. சூத்திரம் வேறு. ஆனால் எதிரணியின் தரம்தான் பெரிய பங்கு என்பதில் மாற்றமில்லை. அதனால் மேலே சொன்ன தயக்கமும் போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய அணி ஏன் சம்மதிக்கிறது? டிக்கெட். அக்டோபரில் அரங்கைத் திறந்து சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டும். திருப்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காமலே வந்து ஆடிவிட்டுப் போகும் விருந்தாளி கிடைத்தால் அதைவிட வசதி கிடையாது. முதலாண்டு பையன்களை இறக்கிப் பார்க்கலாம், இரண்டாவது கோல்கீப்பருக்கு ஓர் ஆட்டம் கொடுக்கலாம். ஆகவே பெரிய அணி தேடுவது தேதி நிரப்ப ஒரு ஆள். அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேரம் நேராகும்.

பெரிய வீட்டுக்குப் போய் ஆடுவது

முதல் வழி இதுதான், பெரும்பாலும் முதல் வருடத்தில் கிடைக்கிற ஒரே வழியும்கூட. மிஸோரியிலுள்ள லிண்டன்வுட் 2022 அக்டோபரில் டிவிஷன் 1-இல் காலெடுத்து வைத்தது மினசோட்டாவின் அரங்கில். அந்த மினசோட்டா அந்த சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போன அணி. தென் டகோட்டாவின் ஆகஸ்டானா 2023 அக்டோபரில் விஸ்கான்சினில் தொடங்கியது.

லாபம் என்ன? வருகிற அணிக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் சிறிய கல்லூரி ஒன்று பெரிய கல்லூரிக்குப் போய் அடிவாங்கிக்கொண்டு பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கி வருவது உண்டு. ஹாக்கியில் அந்தக் கதை நடக்காது; பஸ், ஹோட்டல், சாப்பாட்டுக்கு ஈடுகட்டினால் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஓர் அணி கிளம்பினால் வீரர்கள், கோச்சுகள், சாமான் பார்ப்பவர், பிசியோ என்று முப்பது பேர் அளவில் கிளம்புகிறார்கள். ஆளுக்கு ஒரு பெரிய மூட்டை, கட்டுக்கட்டாக மட்டைகள். விமானம் என்றால் அந்தத் தொகை டிக்கெட்டிலேயே கரைந்துவிடும்.

பணத்தைவிட முக்கியமான லாபம் அந்த 1.2. தோற்றால் 0.8 மட்டும் போகும், அதுவும் பலமான எதிரணியிடம் தோற்றதால் அட்டவணையின் தரம் ஏறும். வென்றால் சீசனே மாறும். பென் ஸ்டேட் தன் முதல் டிவிஷன் 1 சீசனான 2012-13-இல் மிச்சிகன் ஸ்டேட்டை வென்றது, கடைசியில் விஸ்கான்சினை அதன் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. மொத்தம் 13 வெற்றி, 14 தோல்வி. முதல் வருடத்து அணிக்கு இது எதிர்பாராத கணக்கு.

ஆனால் இதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்து 2020-21 சீசனில் அரிசோனா ஸ்டேட் எல்லா ஆட்டங்களையும் பிக் டென் அணிகளோடு, அவர்களுடைய ஊர்களிலேயே ஆடியது. சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. 7 வெற்றி, 16 தோல்வி, 3 டிரா. அந்த வருடம் வேறு வழியில்லை, அதனால் குறை சொல்வதற்கில்லை. முந்தைய சீசனில் 22 ஆட்டம் வென்ற அணி அது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதிய கல்லூரிக்குச் சொந்த ஊர் ஆட்டம் இல்லையென்றால் உள்ளூர்க் கூட்டம் சேராது, கூட்டம் சேராவிட்டால் நன்கொடை கொடுத்தவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. வகுப்பு வேறு இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் பஸ் ஏறினால் ஞாயிறு காலைதான் திரும்புவார்கள். ஆறு வாரம் தொடர்ந்து இப்படிப் போனால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான்.

என் கருத்தில் ஒரு சீசனுக்கு மூன்று வார இறுதி, போனால் நாலு. அதற்கு மேல் பெரிய வீடுகளுக்குப் போகக் கூடாது.

திருப்பி வருகிறேன் என்ற வாக்கு

அடுத்த வழியில்தான் உண்மையான வேலை இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு வார இறுதி நான் உன் ஊருக்கு வந்தால், அடுத்த வருடம் நீ என் ஊருக்கு வர வேண்டும். கல்லூரி ஹாக்கியில் பழைய அணிகளுக்குள் இது பல பத்தாண்டுகளாக நடப்பது. கல்யாண மொய் நோட்டுப் போல யார் எவ்வளவு செய்தார்கள், யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். சிக்கல் என்னவென்றால், புதிய அணி நேற்றுத்தான் குடிவந்த வீடு. அதற்கு யாரும் எதுவும் பாக்கி இல்லை. முதலில் இவர்கள்தான் போய்ப் போய் எழுத வேண்டும்.

அதனால் நேருக்கு நேர் பேரம் படியாது. இரண்டுக்கு ஒன்று என்று இறங்க வேண்டும்: நாங்கள் இரண்டு சீசன் வருகிறோம், நீங்கள் ஒரு சீசன் வாருங்கள். மிச்சிகன், பாஸ்டன் காலேஜ் போன்றவை இதற்கும் மசிய மாட்டா. அவர்களைத் துரத்துவதில் நேரத்தை வீணாக்காமல், தரவரிசையில் இருபதிலிருந்து நாற்பதுக்குள் நிற்கிற, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்திலுள்ள அணிகளைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். அந்த அணிகளுக்கும் அக்டோபர், நவம்பர் தேதிகள் காலியாக இருக்கும். அவர்களிடமும் பெரிய வீடுகள் 'உங்கள் ஊருக்கு வர மாட்டோம்' என்று சொல்லியிருக்கும். வலி தெரிந்தவர்களோடு பேசுவது எளிது.

எதிரணி இங்கே வர ஏதாவது காரணம் வேண்டும். அரிசோனா ஸ்டேட்டுக்கு அது இயற்கையிலேயே வாய்த்தது: மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் பனி கொட்டும்போது அதன் ஊரான டெம்பியில் வெயில். வடக்கத்தி ரசிகர்களும் கூடவே கிளம்பி வருவார்கள். தொடக்கத்தில் அந்த அணி ஆடியது ஓஷன்சைட் என்ற சிறிய ரிங்க்கில், ஆயிரம் பேர்கூட உட்கார முடியாது. 2022 அக்டோபரில் ஐயாயிரம் பேர் உட்காரும் மல்லெட் அரங்கம் திறந்த பிறகுதான் 'வாருங்கள்' என்று கௌரவமாகக் கூப்பிட முடிந்தது. என்ஹெச்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணியான அரிசோனா கயோட்டீஸ் இரண்டு சீசன் அந்தக் கல்லூரி அரங்கிலேயே வாடகைக்கு இருந்தது தனி வேடிக்கை.

எல்லோருக்கும் வெயில் இல்லை. லிண்டன்வுட்டுக்கு இருப்பது செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே சிறுவர் ஹாக்கி நன்றாக நடக்கிறது, அங்கிருந்து வீரர்களைச் சேர்க்க விரும்பும் அணிக்கு அந்த ஊரில் ஒருமுறை ஆடுவது விளம்பரம். அந்த அணியின் அரங்கம் என்ஹெச்எல் அணியான செயின்ட் லூயிஸ் புளூஸ் பயிற்சி எடுக்கும் இடமும்கூட. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகமும் அப்படித்தான். இன்னொரு என்ஹெச்எல் அணியான நியூயார்க் ஐலண்டர்ஸின் பயிற்சி மையத்தில் ஆடுகிறது, பக்கத்தில் நியூயார்க். உன் அணியிலுள்ள அந்த ஊர்ப் பையனுடைய அப்பா அம்மா வந்து பார்ப்பார்கள் என்று எதிரணிக் கோச்சிடம் சொன்னால், தொகை பற்றிப் பேசுவதைவிடச் சீக்கிரம் காது கொடுப்பார்.

இந்த வழியின் குறை, வேகம் குறைவு. இன்று கையெழுத்துப் போட்டால் திருப்பி வரும் ஆட்டம் மூன்றாவது சீசனில்தான் நடக்கும். அதற்குள் கோச் மாறலாம், எதிரணியின் லீக்கில் புதிய உறுப்பினர் சேர்ந்து காலித் தேதிகள் மறையலாம். இதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வது

2025-26-இல் லீக் இல்லாத அணிகள் பல: லாங் ஐலண்ட், லிண்டன்வுட், ஸ்டோன்ஹில், அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ், ஆங்கரேஜ். ஜனவரி, பிப்ரவரியில் மற்ற எல்லோரும் லீக் ஆட்டத்தில் மூழ்கிவிடுவார்கள். அப்போது இவர்களுக்கு இவர்கள்தான் துணை. ஒரே எதிரணியோடு ஒரு சீசனில் நாலு தடவை மோதுவதும் நடக்கும்.

தேதி நிரம்பும், சொந்த ஊர் ஆட்டமும் கிடைக்கும். எதிரணியைப் பிடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் மேலே பார்த்த 75 சதவீதக் கணக்கு இங்கேதான் கடிக்கும். வென்றாலும் மேலே ஏற முடியாது. ஃபேர்பாங்க்ஸ் 2022-23-இல் 22 வென்றது, 10 தோற்றது, 2 டிரா. ஒரு லீக்கில் இருந்திருந்தால் அதன் கோப்பைத் தொடரை வென்றாவது தேசியப் போட்டிக்குள் போயிருக்கலாம். தனி அணிக்கு அந்தக் கதவே கிடையாது; மயிரிழையில் வெளியே நின்றார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அரிசோனா ஸ்டேட்டின் 24 வெற்றியும் இதே குழியில்தான் விழுந்தது.

சரி, தேசியப் போட்டியெல்லாம் முதல் ஐந்து வருடத்துக்கு நமக்கு எதற்கு என்று ஒரு கல்லூரி நினைத்தால், இந்த வழி பரவாயில்லை. பையன்களுக்கு வெல்லும் பழக்கமாவது வரும். ஆண்டுக்கு எட்டு ஆட்டம் வரை இதில் போகலாம், அதுவும் ஆள் கிடைக்காத ஜனவரி, பிப்ரவரியில்.

அலாஸ்கா பற்றி ஒரு சின்ன விஷயம். அலாஸ்காவில் போய் ஆடும் ஆட்டங்கள் 34 என்ற வரம்பில் சேராது. தூரத்துக்கு என்சிஏஏ கொடுக்கும் சலுகை. அங்கே ஒரு வார இறுதி போனால் இங்கே இரண்டு ஆட்டம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பணம் இருந்தால் செய்யலாம். பல பெரிய அணிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் குளிருக்குப் போகின்றன.

முதல் சீசனில் பாதியை கிளப் அணிகளோடும் டிவிஷன் 3 கல்லூரிகளோடும் ஆடி நிரப்புவதும் உண்டு. அரிசோனா ஸ்டேட்டே 2015-16-இல் அப்படிக் கலந்துதான் தொடங்கியது. ஒரு வருடத்துக்குத் தப்பில்லை. இரண்டாவது வருடமும் அதையே செய்தால், அணி உண்மையில் எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது, கோச்சுக்கு உட்பட.

லீக்குக்குள் நுழைவது

மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலுள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தின் கதை விசித்திரமானது. டிவிஷன் 3-இல் மற்றவர்களைவிட மிகப் பெரிதாகிவிட்டது என்று அதன் பழைய லீக் 2019-இல் வெளியே அனுப்பியது. நேராக டிவிஷன் 1-க்குத் தாவியது. அப்போதுதான் ஏழு கல்லூரிகள் பழைய டபிள்யூசிஹெச்ஏ லீக்கை விட்டு விலகி சிசிஹெச்ஏ லீக்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. எட்டாவது அணியாக 2021-இல் செயின்ட் தாமஸ் உள்ளே போனது.

முதல் சீசன்: 3 வெற்றி, 32 தோல்வி, 1 டிரா. படிக்கவே கஷ்டமாக இருக்கும் கணக்கு. ஆனால் அந்த அணியின் மேலாளர் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பாதி ஆட்டங்கள் சொந்த ஊரில், பிப்ரவரியிலும்கூட. 2025 மார்ச்சில் அதே அணி சிசிஹெச்ஏ இறுதி ஆட்டத்தில் மினசோட்டா ஸ்டேட்டோடு மோதியது. தோற்றது, ஆனால் நாலே வருடத்தில் இறுதி ஆட்டம். 2025 இலையுதிர் காலத்தில் புதிய அரங்கம், 2026-27-இல் இன்னும் பலமான என்சிஹெச்சி லீக். நாலு வருடம் எதிரணி தேடி அலைந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்டானாவும் இதே சிசிஹெச்ஏவைத்தான் பிடித்தது, ஆனால் படிப்படியாக. முதலில் மற்றவர்களைவிடக் குறைவான லீக் ஆட்டங்கள், மிச்சத்தைத் தானாகப் பேசி நிரப்பிக்கொண்டது. மிட்கோ அரங்கம் 2024 ஜனவரியில்தான் தயாரானது என்பதால் இந்த ஏற்பாடு வசதியாகவும் போயிற்று. இந்தப் பாதி வழி எனக்குப் பிடித்திருக்கிறது. லீக்கின் பாதுகாப்பும் உண்டு, பெரிய அணிகளின் அக்டோபர் அழைப்புகளுக்கு இடமும் உண்டு.

பென் ஸ்டேட் வேறு ரகம். 2010-இல் டெர்ரி பெகுலா என்ற கோடீஸ்வரர் கொடுத்த 8.8 கோடி டாலர் நன்கொடை, பின்னால் இன்னும் கூடியது. ஆறாவது பிக் டென் கல்லூரியாக அது ஹாக்கிக்குள் வந்ததால்தான் பிக் டென்னுக்கே ஒரு ஹாக்கி லீக் பிறந்தது. அதன் அதிர்ச்சியில் பழைய லீக்குகள் உடைந்து 2013-இல் என்சிஹெச்சி களமிறங்கியது. தன்னைத் தேடி லீக் வந்த அணிக்கு அட்டவணைக் கவலை கிடையாது. அப்படியும் பிக் டென் தொடங்கிய 2013-14-இல் அதற்கு 8 வெற்றி, 26 தோல்வி, 2 டிரா. 2025-இல் அது கடைசி நாலு அணிகளுக்குள் போனது. இந்த வழியை மற்றவர்கள் பின்பற்றலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், முதலில் பெகுலா எங்கே என்று கேட்க வேண்டும்.

லீக் கிடைக்காமலே போனால்? அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் அணியைப் பார்க்கலாம். 2007-லும் 2010-லும் தேசியப் போட்டியில் ஆடிய அணி. அதன் சின்ன லீக் 2010-இல் கலைந்தது. தனியாக நின்ற மூன்று வருடங்களில் ஒரு சீசனில் 2 வெற்றி, 28 தோல்வி, 1 டிரா. 2013-இல் டபிள்யூசிஹெச்ஏ சேர்த்துக்கொண்டது. பிறகு மற்றவர்கள் தூரமும் செலவும் தாங்கவில்லை என்று விலகியதும் மறுபடி அநாதை. 2021-இல் எந்த லீக்கும் ஏற்காததால் அணியையே நிறுத்திவிட்டார்கள். தூரத்து ஊர், பஸ் போகாது, திருப்பி வர யாருக்கும் மனமில்லை. ஆட்டத்தின் தரம் அங்கே இரண்டாவது பிரச்சினைதான்.

ஆகவே, லீக் ஒன்று கூப்பிட்டால் முதல் சீசனில் முப்பது ஆட்டம் தோற்போம் என்று தெரிந்தாலும் போய்விட வேண்டும். நல்ல லீக் வரட்டும் என்று காத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அரிசோனா ஸ்டேட் காத்திருந்து 2024-இல் என்சிஹெச்சியில் நுழைந்து, முதல் சீசனிலேயே இரண்டாம் இடம் பிடித்தது உண்மை. அதற்குப் புது அரங்கமும், 3.2 கோடி டாலர் தொடக்க நன்கொடையும், மேலே சொன்ன வெயிலும் இருந்தன. இந்த மூன்றில் குறைந்தது இரண்டுகூட இல்லாதவர்கள் அதைப் பார்த்து நடக்கக் கூடாது.

லீக் இல்லாத வருடத்துக்கு ஓர் அட்டவணை

லீக் அழைப்பு இன்னும் வரவில்லை, அரங்கம் மூவாயிரம் பேருக்கு, பஸ் தூரத்தில் ஆறேழு அணிகள் என்று ஒரு புதிய கல்லூரி இருந்தால் நான் எப்படி நிரப்புவேன்? எல்லோரும் அக்டோபரிலிருந்து தொடங்குவார்கள். நான் ஜனவரி, பிப்ரவரியை முதலில் முடிப்பேன், ஏனென்றால் அதுதான் கிடைக்காத சரக்கு. மற்ற தனி அணிகளோடு எட்டு ஆட்டம், நாலு இங்கே, நாலு அங்கே. அலாஸ்காவுக்கு ஒரு பயணம், அதை நமக்கு வகுப்பு இல்லாத ஜனவரி முதல் வாரத்தில். அப்புறம் அக்டோபரில் மூன்று வார இறுதி பெரிய வீடுகளுக்கு, தொகை வாங்கிக்கொண்டு, திருப்பி வரச் சொல்லிக் கேட்காமல். கேட்டால் தொகை குறையும், வரவும் மாட்டார்கள்.

நவம்பர், டிசம்பர் முழுவதையும் இரண்டுக்கு ஒன்று ஒப்பந்தங்களுக்கு ஒதுக்குவேன். முதல் வருடம் பெரும்பாலும் நாம்தான் போவோம். வலிக்கும். மூன்றாவது வருடம் சொந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு நல்ல ஆட்டங்கள் வந்து சேரும், அதற்குள் எந்த லீக்காவது கதவைத் திறக்கவும் கூடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025-26 முதல் கனடாவின் சிஹெச்எல் என்ற ஜூனியர் லீக் அமைப்பின் வீரர்களும் கல்லூரியில் ஆடலாம் என்று விதி மாறியிருக்கிறது. பெரிய அணிகள் இன்னும் பலமாகும், அங்கே இடமிழந்த பையன்கள் கீழே இறங்கி வருவார்கள். நடுத்தர அணிக்கும் புதிய அணிக்கும் உள்ள இடைவெளிதான் முதலில் சுருங்கும் என்று நினைக்கிறேன். வெல்லக்கூடிய ஆட்டங்கள் அங்கேதான் கிடைக்கும்.

கடைசியாக ஒப்பந்தம். திருப்பி வரும் ஆட்டத்துக்குச் 'சீசன்' என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. தேதி வேண்டும், வெள்ளி சனி இரண்டும் வேண்டும். கோச் கையெழுத்து போதாது, விளையாட்டுத் துறைத் தலைவர் போட வேண்டும், ஏனென்றால் கோச் போய்விடுவார், துறை இருக்கும். எதிரணியின் லீக் விரிவடைந்து தேதி இல்லாமல் போனால் என்ன என்பதற்கு ஒரு வரி. விலகினால் கட்ட வேண்டிய தொகை, மாற்று எதிரணியை நம் ஊருக்கு அழைக்கும் செலவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காமல் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் அணியை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அக்டோபர் மூன்று வார இறுதிப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு அடுத்த அணிக்குப் போன் போடலாம்.